படைவீரர் பக்கம்: கல்லில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் எங்கே?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நினைவுக்கல், கொடி, அஞ்சலி பற்றியவை. மற்றவை, ஓய்வுபெற்று வந்தவர்கள் ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டவை. முன்னாள் படைவீரர் நலப் பணியில் நெடுநாள் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு வெள்ளைக்கல் பதித்திருக்கிறது. ‘இந்தக் கிராமத்திலிருந்து 31 பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் 4 பேர் உயிர் நீத்தனர்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. வருடா வருடம் வெள்ளையடித்து எழுத்தே மறைந்துவிட்டது. கல்லைச் சுத்தம் செய்து, அந்த நாலு பேரின் பெயரையும் எழுதி வைக்க எங்கள் சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். எப்படித் தொடங்குவது?
*முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர், குடியாத்தம் வட்டம்*

நல்ல தீர்மானம். முதல் உலகப் போர் முடிந்ததும் இப்படிப்பட்ட கல்லை ஊர் ஊராகப் பதித்தார்கள். வேலூர் கடைவீதி மணிக்கூண்டில் இருப்பதும் இதே வாசகம்தான்: 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். பெரும்பாலான கற்களில் எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டார்கள், பெயர் இல்லை. நூறு வருடக் குறையை நீங்கள் தீர்க்கப் போகிறீர்கள் என்பதால் அவசரம் வேண்டாம்.

முதல் வேலை புகைப்படம், கல்லைத் தொடுவதற்கு முன்பே. நேர் வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், சுவரை ஒட்டிப் பிடியுங்கள். செதுக்கிய பள்ளங்களில் நிழல் விழுந்து, பகலில் தெரியாத எழுத்தும் எழும்பி நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். எழுத்து தெரியட்டும் என்று மாவோ சாக்பீஸோ பூசாதீர்கள். மாவு பூஞ்சை பிடிக்கும், சாக்பீஸ் தூள் நுண்துளைகளில் தங்கிவிடும்.

கல் அநேகமாகச் சலவைக்கல்லாக இருக்கும். சலவைக்கல்லும் சுண்ணாம்பு வகைதான், அதனால் புளிப்பு எதுவும் ஆகாது. டைல்ஸ் கழுவும் ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருவது அழுக்கு அல்ல, கல்லேதான். எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பித்தளைக் குத்துவிளக்கு தேய்த்த பழக்கத்தில் யாராவது புளியோடு வந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் கல்லை நெருங்கக் கூடாது.

தேவையானவை: இரண்டு வாளி நல்ல தண்ணீர், முடி மெத்தென்ற பெயிண்ட் பிரஷ் ஒன்று, பழைய டூத் பிரஷ்கள், பருத்தித் துணி, மூங்கிலைச் சீவிய மழுங்கிய சிம்பு. உப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு படியும். மழைத் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, கல் முழுவதையும் நனையுங்கள். ஒரு வாளிக்கு நாலைந்து சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். கீழிருந்து மேலாகத் தேய்த்து வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் கோடு கோடாக இறங்கி, அந்தக் கறை பிறகு போகாது. கடைசியில் வெறும் தண்ணீரால் இரண்டு முறை கழுவுங்கள்.

வெள்ளை உரியாத இடத்தில் நனைத்த துணியை ஒட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். ஊறிய அடுக்கு மூங்கில் சிம்புக்கே பெயர்ந்து வரும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். எழுத்துப் பள்ளத்தில் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஏதாவது உறுதியாக நின்றால் அது அழுக்கில்லை, முதலில் நிரப்பிய வண்ணமோ ஈயமோ ஆக இருக்கலாம். அதைத் தோண்டாதீர்கள். கல்லைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்திருந்தால் சிமெண்ட் வைக்காமல் சுண்ணாம்புச் சாந்து வையுங்கள். சிமெண்ட் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியாக வெளியேறி உப்புப் பூத்து, எழுத்து விளிம்புகள் பொடிந்துவிடும். கல்லின் மேல் நேரடியாக எண்ணெய் விளக்கு, குங்குமம், சந்தனம் வேண்டாம். எண்ணெய் உள்ளே இறங்கினால் அந்த மஞ்சள் கறையை எடுக்கவே முடியாது. கீழே ஒரு மாடம் கட்டி விளக்கை அதில் ஏற்றுங்கள்.

இனி பெயர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் தேடலாம். ஆணையம் முதல் உலகப் போரின் கணக்கில் எடுத்துக்கொள்ளும் காலம் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. அதனால் 1920-இல் ஈராக்கில் காய்ச்சலில் இறந்த உங்கள் ஊர்க்காரரும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். வெறும் பெயரைப் போட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கில் முனுசாமிகள் வருவார்கள். ‘கூடுதல் விவரம்’ என்ற பகுதியில்தான் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு’ என்று இருக்கும். அதில் ஊர்ப் பெயரையும் தாலுகாவையும் போடுங்கள், அதுவும் அந்தக் கால ஆங்கில எழுத்தில். வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ ஆக இருக்கும். குடியாத்தத்தை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதால் கோவிந்தன் ‘கோவிண்டா’ ஆகவும் ஏழுமலை ‘எலுமல்லி’ ஆகவும் மாறியிருக்கக் கூடும்.

படைப்பிரிவை வைத்தும் தேடுங்கள். மதராஸ் சாப்பர்ஸ், அதாவது இன்று பெங்களூரில் மையம் வைத்திருக்கும் ‘தம்பிகள்’, மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) பாலமும் பாதையும் போட்டார்கள். 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. கர்நாடிக் இன்ஃபன்ட்ரி பட்டாலியன்களிலும் நம் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். போனவர்கள் எல்லாரும் துப்பாக்கி பிடித்தவர்களும் அல்ல. கோவேறு கழுதை ஓட்டியவர், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர், சமையல்காரர், கூலிப் படையினரும் அந்த 31-இல் இருப்பார்கள். அவர்களைப் பட்டியலிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

உடல் கிடைக்காத, கல்லறை தெரியாதவர்களின் பெயர் பெரும்பாலும் ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்தின் பதிவில் வரும். 40,000-க்கும் மேற்பட்டோருக்கான நினைவகம் அது. அங்கே கல்லில் அதிகாரிகளின் பெயரைப் பொறித்தவர்கள், இந்தியச் சாதாரணச் சிப்பாய்களை இத்தனை பேர் என்று எண்ணிக்கையால் மட்டும் குறித்தார்கள். பெயர்கள் தனிப் பதிவேட்டில் இருந்தன. இந்தப் பாகுபாட்டை 2021-இல் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. உங்கள் சாவடிக் கல்லுக்கும் அதே நிலைதான் என்பதை நினைத்தால், பெயர் எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். இந்திய மண்ணில், சாதாரணக் கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்கள் பலரின் பெயர்களைச் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள 1914–1918 நினைவகத்தில் பார்க்கலாம்.

ஊருக்குள்ளும் கேளுங்கள். பழைய பதக்கம், கோயில் வரிக் கணக்கு, ‘பட்டாளத்தார் வீடு’, ‘பஸ்ரா தாத்தா’ என்று வழங்கும் வீட்டுப் பெயர்கள் எல்லாம் தடயம். வெண்கல வட்டத் தகடு ஒன்றில் ஒரு பெயர் மட்டும் பொறித்திருந்தால் உடனே பார்த்து வையுங்கள். போரில் இறந்தவர் குடும்பத்துக்கு அனுப்பிய நினைவுத் தகடு அது. சில வீடுகளில் அது என்னவென்றே தெரியாமல் பாத்திரத்தோடு கிடக்கும். பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படியுங்கள், பாலிஷ் போடாதீர்கள்.

நாலில் இரண்டு பெயர்தான் உறுதியானால் இரண்டை மட்டும் எழுதி, மற்ற இருவருக்கு இடம் விட்டு வையுங்கள். ஊகத்தில் ஒரு பெயரைக் கல்லில் ஏற்றினால் உண்மையானவருக்கு இடமில்லாமல் போய்விடும். பழைய கல்லில் ஒரு எழுத்தையும் சேர்க்காமல், பக்கத்தில் புதுக் கல் வையுங்கள். படை எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த இடம், தேதி என்ற வரிசை போதும். ஆணையத்தின் கல்லறைகளில் கர்னலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். அதே மரபில் எல்லாப் பெயருக்கும் ஒரே அளவு எழுத்து வையுங்கள். திறந்து வைப்பவர் பெயரை அதே கல்லில் போட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பேனரில் ‘தியாகி’ என்று போடுவதா, ‘வீரமரணம் அடைந்த’ என்று போடுவதா?
*வாசகர், போளூர்*

தமிழ்நாட்டில் அரசு ஆவணங்களில் ‘தியாகி’ என்றால் விடுதலைப் போராட்ட வீரர் என்றே பொருள் கொள்வார்கள். முப்படைகளிலும் அதற்கு ஈடான ‘மார்டர்’ (martyr) என்ற ஆங்கிலச் சொல் அதிகாரபூர்வமாக வழக்கில் இல்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. போரிலோ எதிரியோடு மோதியோ இறந்தவருக்கு ‘வீரமரணம்’ பொருந்தும். பனிச்சரிவில், விபத்தில், நோயில் இறந்தவருக்கு ‘பணியின்போது உயிர் நீத்த’ என்று எழுதுங்கள். அதில் மதிப்புக் குறைவு எதுவும் இல்லை.

அப்பா 22 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். உடம்பு மிகவும் முடியாமல் இருக்கிறார். காலம் வந்தால் அவர் மேல் தேசியக் கொடி போர்த்தலாமா? சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*மகள், ஆரணி*

அம்மா, உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசு மரியாதை, ராணுவ மரியாதை, மத்திய ஆயுதப் படைகளின் மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே தேசியக் கொடியைப் போர்த்தலாம். ஓய்வுபெற்றவர் வீட்டில் காலமானால் குடும்பத்தார் தாங்களாகவே போர்த்துவது 1971-ஆம் ஆண்டு தேசிய மரியாதைச் சட்டப்படி குற்றம். கடையில் கொடி வாங்கி வந்து, அது சிதைவரைக்கும் போய்விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ராணுவ மரியாதையிலேகூடக் கொடி நெருப்புக்கோ குழிக்கோ போவதில்லை. காவி நிறம் தலைப்பக்கம் இருக்கும்படி போர்த்தி, எரியூட்டும் முன் எடுத்து, மடித்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவருடைய ரெஜிமெண்ட் தொப்பியையும் பதக்கங்களையும் ஒரு சிறு தலையணையில் வைத்துக் கால்மாட்டில் வைக்கலாம். முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத் தகவல் சொன்னால் மலர்வளையத்தோடு வந்து, வரிசையாக நின்று வணங்குவார்கள். சங்கக் கொடி இருந்தால் அதைப் போர்த்தலாம். அவருடைய படை எண், பதவி, பிரிவு, சேர்ந்த தேதி, ஓய்வுபெற்ற தேதி ஆகியவற்றை டிஸ்சார்ஜ் புக்கை (ஓய்வுபெறும்போது தரும் பணி விவரப் புத்தகம்) பார்த்து இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் தேடத் தோன்றாது. அதைவிட முக்கியம், அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே அவர் எங்கெங்கே இருந்தார் என்பதை அவர் வாயால் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் ஜூலை 26 கார்கில் நாளை முதல்முறையாக நடத்தப் போகிறோம். கொடியை அரைக்கம்பத்தில் ஏற்ற வேண்டுமா? மலர்வளையம் வைக்கும் முறை என்ன?
*உடற்கல்வி ஆசிரியர், வாணியம்பாடி*

அரைக்கம்பம் வேண்டாம். அது அரசு ஆணை வந்தால் மட்டும் செய்வது, பள்ளியோ சங்கமோ தாமாக முடிவெடுக்க முடியாது. அதோடு ஜூலை 26 வெற்றி நாள். 1999-இல் 527 பேரை இழந்து மீட்ட மலைகளுக்கான நாள். கொடி முழுக் கம்பத்தில்தான் பறக்க வேண்டும்.

கொடி அவிழாமல் மாட்டிக்கொள்வதுதான் பள்ளிகளில் நடக்கும் பெரிய சங்கடம். முடிச்சை இறுக்கிப் போடுவது, பூவை அள்ளித் திணிப்பது, முதல் நாள் மழையில் நனைந்த பருத்திக் கயிறு இறுகிப்போவது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும். கொடியை நீளவாக்கில் மூன்றாக மடித்து, அகலத்தில் சுருட்டி, உள்ளே ஒரு கைப்பிடி உலர்ந்த ரோஜா இதழ் மட்டும் வையுங்கள். முழுச் செண்டுமல்லி வேண்டாம், அடைத்துக்கொள்ளும். கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நுனியை முடிச்சுப் போடாமல் சுருக்காகச் செருகுங்கள். சுருக்கின் வால் நீளமாகத் தொங்க வேண்டும், இழுத்தால் ஒரே இழுப்பில் வர வேண்டும். காவிப் பக்கத்து வளையத்தில் சிவப்பு நூல் ஒன்று கட்டி வையுங்கள், தலைகீழாக ஏறாது. காலையில் ஒருமுறை ஏற்றி அவிழ்த்துப் பாருங்கள். கப்பியில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

மலர்வளையம் இரண்டடி விட்டம் போதும். மூங்கில் பிளாச்சை வளைத்து, வைக்கோல் சுற்றி, ஈரத்துணியால் போர்த்தி, அதன் மேல் பூவைக் கட்டச் சொல்லுங்கள். அன்று அதிகாலை கட்டினால் மதியம்வரை வாடாது. நிறுத்தி வைக்க முக்காலி ஸ்டாண்ட் வேண்டும். அது இல்லாமல் தூணில் சாய்த்தால் காற்றில் விழும். ரிப்பனில் கொடுப்பவர் பெயரைவிட இறந்தவர் பெயர் பெரிதாக இருக்கட்டும். வைப்பவர் நடந்து வந்து, இரு கையாலும் வைத்து, ஓரடி பின்வாங்கி, நின்று வணங்கித் திரும்புவார். முதல் வளையம் உயிர் நீத்தவரின் குடும்பத்தார் கையால் வைக்கப்படட்டும். பிறகு முன்னாள் படைவீரர்கள், அதன் பிறகு விருந்தினர்.

அடுத்து பியூகிள் ஊதுகுழலில் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற அஞ்சலி இசை, இரண்டு நிமிட மௌனம், பிறகு மௌனத்தை முடிக்கும் ‘ரௌஸ்’ இசை. பியூகிள் வாசிக்க ஆள் இல்லையென்றால் ஒலிப்பதிவை முன்கூட்டியே பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். போனிலிருந்து நேரடியாக இணையத்தில் ஓடவிட்டால் மௌனத்தின் நடுவில் விளம்பரம் வந்துவிடும். இரண்டு நிமிடத்தை ஒருவர் கடிகாரம் பார்த்துக் கணக்கிடட்டும். நாற்பது நொடியிலேயே மைக்கில் ‘நன்றி’ சொல்லிவிடுகிறார்கள்.

பதக்கங்கள் பற்றி: சொந்தப் பதக்கம் இடது மார்பில். இறந்தவரின் பதக்கத்தை மனைவியோ மகனோ அணிந்து வந்தால் வலது மார்பில். சீருடையில் இருப்பவர் சல்யூட் அடிப்பார், மற்றவர்கள் கொடியை நோக்கி நேராக நிற்பார்கள். நம் மாநிலத்தவர் பெயர்களைப் படிக்கும்போது திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணன் பெயரையும் சேருங்கள். பீகார் ரெஜிமெண்ட் 1-ஆவது பட்டாலியன், படாலிக் பகுதி, 1999 மே 29, வீர் சக்ரா. முன்னுரை இல்லாமல், இப்படிப் பதவி, பெயர், பிரிவு, இடம், நாள் என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாலே மைதானம் அமைதியாகிவிடும். மொத்த நிகழ்ச்சி 40 நிமிடத்துக்குள் முடியட்டும். ஜூலை வெயிலில் பிள்ளைகளை நிற்கவைத்து ஆறு பேர் பேச வேண்டாம்.

கிழிந்த, சாயம் போன பழைய தேசியக் கொடிகளை என்ன செய்வது?
*ஊராட்சி உறுப்பினர், ஆற்காடு*

குப்பையில் போடக் கூடாது, துடைக்கும் துணியாக்கக் கூடாது. தனியிடத்தில், கூட்டம் இல்லாமல், முழுக் கொடியாகவே எரித்து, சாம்பலை மண்ணில் புதையுங்கள். படம் எடுக்க வேண்டாம். ஆகஸ்ட் 15-க்கு மறுநாள் தெருவில் கிடக்கும் காகிதக் கொடிகளையும் சங்கத்தார் பொறுக்கிச் சேர்த்தால் அது நல்ல ஊர்ப்பணி.

ஓய்வுபெற்ற ஐந்து பேர் சேர்ந்து ஊர்ப் பையன்களுக்கு அக்னிவீர் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தர நினைக்கிறோம். மைதானம் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை. என்ன வேண்டும்?
*முன்னாள் நாயக், திருப்பத்தூர் மாவட்டம்*

முதலில் டேப். பல ஊர்களில் ‘நாலு ரவுண்டு’ என்று ஓடவிடுகிறார்கள், அளந்தால் 1,400 மீட்டர்கூட வராது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டதாகப் பூரித்துப் போகும் பையன், ஆள்சேர்ப்பு முகாமில் மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிடுகிறான். இடம் இருந்தால் 400 மீட்டர் போடுங்கள்: 100 மீட்டர் நேர்க்கோடு இரண்டு, இரு முனையிலும் 31.83 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம். அதற்கு 164-க்கு 64 மீட்டர் இடம் வேண்டும். இல்லையென்றால் அதில் பாதி: 50 மீட்டர் நேர்க்கோடுகள், 15.92 மீட்டர் ஆரம், எட்டுச் சுற்று. முளை அடித்து, கயிறு கட்டிச் சுழற்றினால் அரைவட்டம் வந்துவிடும். சுண்ணாம்புக் கோடு மழைக்கு அழியும், செங்கல் துண்டுகளைப் புதைத்து வையுங்கள்.

1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. அப்படியென்றால் 400 மீட்டருக்கு 82 நொடி. முதல் சுற்றை 70 நொடியில் பறந்து முடிப்பவன்தான் பிறகு தோற்கிறான். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். முதல் நாலு வாரம் மெதுவான ஓட்டம் மட்டும். அதன் பிறகு வாரம் இரண்டு நாள் 400 மீட்டரை 80 நொடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுவது என ஆறு முறை. தினமும் முழு வேகத்தில் தார்ச் சாலையில் ஓடினால் முன்னங்கால் எலும்பில் வலி வரும். அதோடு ஓடவைத்தால் எலும்பில் கீறல் விழும், ஆறு வாரம் போய்விடும். வலி மாத்திரை போட்டு ஓடவிடாதீர்கள். ஊசி, பவுடர் என்று யாராவது வந்தால் மைதானத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

பீமுக்கு (தொங்கி உடம்பைத் தூக்கும் குறுக்குக் கம்பி) ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய், எட்டடி உயரம், இரண்டு தூண்களையும் இரண்டடி ஆழம் கான்கிரீட்டில் நிறுத்துங்கள். பத்து எடுத்தால் 40 மதிப்பெண். கை முழுதாக நீண்டு தொங்கி, மோவாய் குழாயைத் தாண்ட வேண்டும். காலை உதைத்து ஏறுவது கணக்கில் வராது. ஒன்றுகூட எடுக்க முடியாதவனை ஸ்டூலில் ஏற்றி மேலே பிடிக்கவைத்து, ஐந்து எண்ணி மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். தினம் மூன்று தடவை, ஐந்தைந்தாக. ஒன்றரை மாதத்தில் மூன்று நாலு வந்துவிடும். ஒன்பதடிப் பள்ளமும் வளைந்து போகும் சமநிலைக் கட்டையும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை. பள்ளத்துக்குப் பத்தடியாகக் கோடு போட்டுப் பழக்குங்கள். விழும் பக்கம் ஆற்று மணல் ஒரு அடி ஆழம் இருக்கட்டும்.

சேரும் அன்றே பார்க்க வேண்டியவை: உயரம் (நம் பகுதிக்குப் பொதுப் பணி வீரருக்கு 166 செ.மீ.), மார்பு 77, விரித்தால் 5 செ.மீ. கூடுதல், ஈரக்காலைத் தரையில் பதித்தால் நடுவில் வளைவு தெரிகிறதா, சேர்ந்து நின்றால் முழங்கால்கள் இடிக்கின்றனவா, நிறக்குருடு உண்டா, பச்சை குத்தியிருக்கிறானா. காதில் அழுக்கு அடைத்திருந்ததற்காகவே மருத்துவச் சோதனையில் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் உண்டு. தீராத குறை தெரிந்தால் அன்றைக்கே அன்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் ஓடவிட்டுப் பிறகு தெரிவது பெரிய கொடுமை.

இப்போது இணையவழி எழுத்துத் தேர்வு முதலில், ஓட்டம் அதற்குப் பிறகு. மாலையில் ஒரு மணி நேரம் கணக்கும் பொது அறிவும் நடத்தாத பயிற்சி மையம் பாதி வேலைதான் செய்கிறது. அக்னிவீர் பணியின் நாலு வருடம் முடிந்து நிரந்தரமாகத் தொடர்வது 25 சதவீதம் பேர் வரைதான். அதனால் மேல்படிப்பைப் பற்றியும் பேசுங்கள். சான்றிதழ்களையும் இப்போதே சரிபாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘சு. மணிகண்டன்’, ஆதாரில் ‘மணிகண்டன் சுப்பிரமணி’ என்று இருந்தால் முகாமில் காலை நாலு மணிக்கு அதைத் திருத்த முடியாது. விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் அந்தந்த வருட அறிவிப்பை அச்செடுத்து மைதானத்தில் ஒட்டுங்கள். பணம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்பவர் எவராக இருந்தாலும் மோசடிக்காரர் என்று பெற்றோரைக் கூட்டிவைத்துச் சொல்லுங்கள்.

கொடிநாளுக்கு நாங்களே உண்டியல் வைத்து வசூலிக்கலாமா?
*மகளிர் குழுத் தலைவி, செய்யாறு*

நீங்களாக வைக்க வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் தரும் கொடிகளையும் ரசீதையும் பெற்று வசூலியுங்கள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் முப்படைகளுக்கான நிறங்கள். டிசம்பர் 7 கொடிநாள், 1949 முதல் நடக்கிறது. நன்கொடைக்கு வருமான வரியில் 80ஜி விலக்கு உண்டு. அதனால் பெரிய தொகை தருபவரின் பெயரை ரசீதில் அவர் பான் அட்டையில் உள்ளபடி எழுதுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. கணவர் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர், போன வருடம் தவறிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. ஆவணத்தில் ‘கண்ணம்மாள்’, ஆதாரில் ‘கன்னியம்மாள்’. எங்கள் இளைஞர் மன்றம் எப்படி உதவலாம்?
*கல்லூரி மாணவர், அணைக்கட்டு*

நீங்கள் செய்ய நினைப்பதுதான் நினைவு நாள்களில் வைக்கும் மலர்வளையத்தைவிட அவசரமான வேலை. முதலில் பாட்டியின் டிரங்குப் பெட்டியை அவர் முன்னாலேயே திறந்து மூன்றைத் தேடுங்கள்: டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ. கிடைத்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, அசலைப் பாட்டியிடமே திருப்பிக் கொடுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பி.பி.ஓ.வில் மனைவியின் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ‘கண்ணம்மாள்’ என்றால் அந்தக் காலத்தில் கணவர் சொல்லி, பிரிவு அலுவலகத்தில் ‘பார்ட் டூ ஆர்டர்’ (வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ஆணை) போட்டு ஏற்றிய பெயர் அது. அதைத் திருத்தும் அதிகாரம் பிரிவின் ரெக்கார்ட் ஆபிஸுக்கு (பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) உண்டு. மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம், இறப்புச் சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தக முதல் பக்கம், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் பரிந்துரையோடு அனுப்பினால் தனியாக அனுப்புவதைவிட உறுதியாகப் போய்ச் சேரும். பாட்டியின் ஆதாரைப் பி.பி.ஓ.வுக்கு ஏற்ப மாற்றிவிடலாம் என்று யாராவது குறுக்குவழி சொல்வார்கள். அப்படி மாற்றினால் வங்கிக் கணக்கும் ரேஷன் அட்டையும் பொருந்தாமல் போய் இன்னொரு சிக்கல் கிளம்பும்.

வங்கிக் கணக்கு கணவரோடு கூட்டுக் கணக்காக இருந்ததா என்பதையும் கேளுங்கள். இறந்த பிறகும் ஓரிரு மாதம் அவர் ஓய்வூதியம் வரவு ஆகி, அதை எடுத்திருந்தால் பிறகு பிடித்தம் செய்வார்கள். அதை இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கணவருக்கு 67 வயது ஆகும் முன்பே இறப்பு நேர்ந்திருந்தால் கூடுதல் விகிதக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, அவருக்கு 67 ஆகியிருக்கும் நாள் அல்லது ஏழு ஆண்டு, எது முந்தையதோ அதுவரை. அதைத் தாண்டியிருந்தால் சாதாரண விகிதமான 30 சதவீதம். ஓய்வூதியம் வரத் தொடங்கியபின் வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை தேய்ந்துபோன பாட்டிகளுக்குப் பொதுச் சேவை மையத்தில் ரேகை பதியாது. முகம் காட்டிப் பதியும் செயலி உங்கள் போனிலேயே இருக்கலாம், பாட்டியை வெளிச்சத்தில் உட்காரவைத்துச் செய்துகொடுங்கள்.

அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் வலது மூலையிலும் கணவரின் படை எண், பதவி, பெயர், பிரிவு நான்கையும் எழுதுங்கள். அங்கே கோப்புகளை அடுக்கியிருப்பது அந்த எண்ணின் வரிசையில்தான். ஒரு இலக்கம் மாறினாலும் பாட்டியின் கடிதம் வேறு யாருடைய கோப்பிலோ போய்ச் சேர்ந்துவிடும்.